ஆம்புலன்ஸா, அதே கட்டிலா? மறதி நோயின் கடைசிக் கட்டத்தில் மூன்று வழிகள்

பேச்சு நாளுக்கு ஐந்தாறு சொல்லாகச் சுருங்கிவிட்டது. தானாக நடக்க முடியவில்லை. சிறுநீர், மலம் போவது தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் முகமும் பிடிபடவில்லை. முதியோர் இல்லத்தில் இந்த நிலையில் இருப்பவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. மறதி நோய் இருந்தும் நடமாடிக்கொண்டு, பேப்பர் புரட்டிக்கொண்டு இருப்பவருக்கு நிமோனியா வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்குக் காய்ச்சலோ இளைப்போ கண்டால் மூன்று வழிகள் உண்டு. முதல் வழி ஆம்புலன்ஸ், காஷுவாலிட்டி, பிறகு வார்டு அல்லது ஐசியூ. இரண்டாவது, இருக்கும் கட்டிலிலேயே மாத்திரை, ஊசி, தோலடி டிரிப்ஸ் வரைக்கும் வைத்தியம். மூன்றாவது, நோயை விரட்டப் பார்க்காமல் வலி, இளைப்பு, பதற்றம் ஆகியவற்றை மட்டும் தணிப்பது. வீட்டார் பலருக்கு முதலாவதுதான் வைத்தியம், மற்ற இரண்டும் கைகழுவுவது. ஆய்வுகளைப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 22 இல்லங்களில் இந்த நிலையிலிருந்த 323 பேரை 18 மாதம் பின்தொடர்ந்து, 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் அதற்குள் இறந்தார்கள். நிமோனியா வந்தவர்களில் 47 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் போய்விட்டார்கள். இறந்தவர்களில் 41 சதவீதம் பேர் கடைசி மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு, டிரிப்ஸ், உணவுக் குழாய் என்று ஏதாவது ஒன்றைப் பட்டுவிட்டுத்தான் போனார்கள். இந்த நோய் எங்கே கொண்டுபோய் விடும் என்று புரிந்துகொண்ட வீட்டாரின் பெரியவர்களுக்கு இந்தப் பாடு மிகக் குறைவு.

நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரி கட்டாயமா? கனடாவின் ஒன்டாரியோவில் 22 இல்லங்களில் 680 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஒரு பாதி இல்லங்களில் வழக்கமான முறை. மறு பாதியில், சில அளவுகளுக்குள் இருப்பவருக்கு அங்கேயே லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை. முன்னதில் 22 சதவீதம் பேரும் பின்னதில் 10 சதவீதம் பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாவு எண்ணிக்கையில் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. அந்த அளவுகள் இவை: வாய்வழியாகச் சாப்பிடவும் குடிக்கவும் முடிய வேண்டும், நாடி 100-க்கு மேல் போகக்கூடாது, மூச்சு நிமிடத்துக்கு 30-க்குக் கீழே, மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் குறையாமல், ஆக்சிஜன் அளவு 92-க்குக் குறையாமல். பல்ஸ் ஆக்சிமீட்டரும் பிபி கருவியும் நொடி முள் உள்ள கடிகாரமும் இருந்தால் எந்த இல்லமும் இதைப் பார்த்துவிடலாம். மூச்சை முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒழுங்கில்லாமல் மூச்சு விடும் முதியவரிடம் கணக்கு தப்பும். விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டர் குறைத்துக் காட்டும். தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். மருந்தை மட்டும் அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. லீவோஃப்ளாக்சசின் காசநோயை மூடி மறைத்துவிடும் என்பதால், இங்கே டாக்டர்கள் வேறு ஆன்டிபயாட்டிக்கைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

பாஸ்டன் ஆய்வின் இன்னொரு பகுதி இரண்டாம் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறது. நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட அதிக நாள் இருந்தார்கள். ஆனால் மாத்திரை பெற்றவரைவிட, நரம்பில் ஊசி போட்டவரோ ஆஸ்பத்திரிக்குப் போனவரோ கூடுதலாக வாழவில்லை. சிகிச்சை பெற்றவர்களுக்குப் பெறாதவர்களைவிட உடல் சுகம் குறைவாகவே இருந்தது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை, கண்காணிப்பு ஆய்வு. ஆனாலும் நாள் வேண்டும் என்றால் இரண்டாம் வழி, சுகம் வேண்டும் என்றால் மூன்றாம் வழி என்ற அளவுக்கு அதை நம்பலாம். முதல் வழிக்குத் தனி லாபம் தெரியவில்லை.

அதன் செலவு தெரிகிறது. புது இடம், புது முகம், இரவெல்லாம் விளக்கு, அலாரம்: மறதி நோயாளிக்கு இவையே திடீர் மனக்குழப்பம் (டெலிரியம்) வரப் போதும். டிரிப்ஸைப் பிடுங்குவார், கையைக் கட்டிலோடு கட்டுவார்கள், திமிறுவார், மயக்க ஊசி போடுவார்கள், விழுங்குவது இன்னும் கெடும், மூக்கு வழியாக உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் ஏறும். ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பரிகாரமாகவே வரும், யாரையும் குறை சொல்லவும் முடியாது. ஒரு வேளைச் சோறு ஊட்ட 40 நிமிடம் ஆகும் ஆளுக்கு வார்டு நர்ஸால் அவ்வளவு நேரம் தர முடியாது. நாலு நாளில் படுக்கைப் புண் தொடங்கிவிடும். வழக்கமாகவே அவர் பகலில் தூங்குபவர் என்று காஷுவாலிட்டி டாக்டருக்குத் தெரியாததால் பக்கவாதமோ என்று சிடி ஸ்கேன் எடுப்பார்கள்.

இல்லத்தில் வைத்துப் பார்ப்பதிலும் கோளாறுகள் உண்டு, வேறு வகை. படுத்தபடியே ஊட்டி, புரையேறி, அடுத்த நிமோனியாவை வரவழைப்பது முதல் தவறு. நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாயைச் சற்றுக் கீழே தாழ்த்தி, டீஸ்பூன் அளவில், முந்தைய வாய் இறங்கியதைப் பார்த்து அடுத்ததைக் கொடுக்க வேண்டும்; முடிந்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை இடித்துக் கொடுப்பது இரண்டாவது. மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

தண்ணீர் உள்ளே போகவில்லை என்றால், நரம்பு தேடி ஐந்து இடத்தில் குத்துவதற்குப் பதில் தோலடி டிரிப்ஸ் போடலாம். நம்மூரில் இதை மறந்தேபோனார்கள். நார்மல் சலைன், 23 முதல் 25 கேஜ் வரையுள்ள ஸ்கால்ப் வெயின் ஊசி (சிறகு வைத்த மெல்லிய ஊசி), வயிறு அல்லது தொடையின் தோலடி. பிடுங்கும் பழக்கம் உள்ளவருக்கு முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே குத்தினால் கை எட்டாது. நிமிடத்துக்கு 1 மில்லிதான் வேகம். ஓர் இடத்தில் ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். சற்றே வீங்குவது இயல்பு, சிவந்து வலித்தால் இடம் மாற்றவும். இதயம் பலவீனமாகி நீர் கோத்திருப்பவருக்கு இது வேண்டாம். கடைசி இரண்டு மூன்று நாளில் யாருக்குமே வேண்டாம். உள்ளே போகும் நீர் சளியாகத்தான் திரளும்.

ரைல்ஸ் டியூப், வயிற்றுக் குழாய் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இந்தக் கட்டத்தில் அவை ஆயுளைக் கூட்டியதாகவோ புரையேறுவதைத் தடுத்ததாகவோ சான்று இல்லை. வயிற்றுக் குழாய் வைத்தவர்களுக்குப் படுக்கைப் புண் கூடியதைத்தான் அமெரிக்க ஆய்வு காட்டியது. கையால் ஊட்டுவதும் ஆயுளைக் கூட்டாது. ஆனால் அதில் ருசியும் தொடுகையும் இருக்கின்றன.

இடுப்பெலும்பு முறிவு தனி. ஆஸ்பத்திரிக்குப் போக நியாயமான காரணம் அதுதான், வலிக்காக. அங்கே போனாலும் ஆபரேஷன் கட்டாயம் என்றில்லை. இல்லங்களில் வசிக்கும் மிக நலிந்த 172 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் வேண்டாம் என்றவர்களில் 83 சதவீதம் பேரும் செய்துகொண்டவர்களில் 25 சதவீதம் பேரும் 30 நாளில் இறந்தார்கள். வாழ்க்கைத் தரம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. நாள் கணக்கில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், எதைத் தேர்கிறோம் என்று தெரிந்தே தேர வேண்டும். ஆபரேஷன் இல்லையென்றால் தொடை நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் வழி நடக்க மருந்துப் பெட்டி வேண்டும். வாய் திறந்து வலி என்று சொல்ல முடியாதவரை மூச்சு, முனகல், முகம், உடல் மொழி, ஆறுதலுக்கு அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் 'பெய்னாட்' அளவுகோலால் கணிக்கலாம். முதலில் நேரம் தவறாத பாரசிட்டமால். இளைப்புக்கும் கடும் வலிக்கும் மார்ஃபின், 2.5 மில்லிகிராமில் தொடங்கி, கூடவே மலமிளக்கி. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இடைவெளியை டாக்டர் கூட்டுவார். போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகும் மார்ஃபின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களில்தான் கிடைக்கும். அதனால் இல்லம் முன்கூட்டியே ஒரு நோய்த்தணிப்பு மையத்தோடு பேசி வைத்திருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர் இருப்பிடத்துக்கே வருவதும் உண்டு.

சட்டம் ஒரு வார்த்தை. ஐசியூவுக்குள் நுழைவது எளிது, வெளியே வருவது கடினம். வென்டிலேட்டர் ஏறிவிட்டால், உச்ச நீதிமன்றம் 2018-ல் வகுத்து 2023-ல் எளிதாக்கிய முறைப்படி இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து, வீட்டாரும் ஒப்பினால்தான் எடுக்க முடியும். அதனால் அதை ஏற்றுவதா என்பதைக் காய்ச்சல் வராத ஒரு பகலில், டாக்டரோடு உட்கார்ந்து பேசி, எழுதி, அவருடைய கோப்பில் முதல் தாளாக வையுங்கள்.

எங்கள் பரிந்துரை பெரும்பாலும் இரண்டாவது, அது பயனில்லை என்று தெரிந்ததும் மூன்றாவது. இல்லத்தில் இரவு நர்ஸ் இருந்தால்தான் இது செல்லும். ஆயா மட்டும் இருக்கும் இடத்தில், வீட்டார் சம்மதம் தந்தாலும் விடிவதற்குள் 108 வந்து நிற்கும். சேர்க்கும்போதே கேளுங்கள்: இரவில் ஊசி போட யார்? நள்ளிரவில் போனை எடுக்கும் டாக்டர் யார்? இங்கேயே இறந்தால், இறப்பின் காரணத்தைச் சான்றளிக்கும் 4ஏ படிவத்தில் கையெழுத்துப் போடுவது யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இல்லங்கள்தான், மூச்சு அடங்கப்போகும் நேரத்தில் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகின்றன.