கட்டிப்போடுவதா, அவிழ்த்துவிடுவதா, அடைத்துவைப்பதா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களில் பலர் காவலுக்கு நாய் வளர்க்கிறார்கள். ஆனால் ராத்திரியில் சிறுத்தை வீட்டு வாசல்வரை வருவதே பல நேரம் அந்த நாய்க்காகத்தான். இருட்டியபின் நாயை எங்கே வைப்பது என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை.

வாசலில் சங்கிலியில் கட்டுவதுதான் எங்கும் பார்க்கிற வழக்கம். செலவில்லை, ஆள் வந்தால் குரைக்கும். ஆனாலும் இருக்கிற வழிகளில் இதுதான் மோசம் என்பேன். கட்டிய நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. இமயமலைப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் நாய்க்கு இரும்பு முள்பட்டை மாட்டுவார்கள். அது கழுத்தைக் காக்கும், சரி. தப்பி ஓட வழி தராதே!

அவிழ்த்துவிட்டால் நாய்க்குத் தப்பிக்கும் வாய்ப்பு உண்டு, ஆபத்து மனிதர்களுக்கு மாறுகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேய்கிற காட்டெருமையை நாய் குரைத்துச் சீண்டும். அது திரும்பி முட்ட வந்தால் நாய் நேராக எஜமானரின் காலடிக்குத்தான் ஓடிவரும். கரடியானாலும் இதே கதைதான். அவிழ்த்துவிட்ட நாய்க்கும் காட்டு விலங்குகளுக்கும் நடுவே நோய் பரவும் ஆபத்தும் இருக்கிறது. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, சிலவற்றில் டிஸ்டெம்பர் வைரஸ் கண்டறியப்பட்டது. நாய்களைத் தாக்கும் அதே வைரஸ். அதனால் வெறிநாய்த் தடுப்பூசியோடு டிஸ்டெம்பர் ஊசியும் தவறாமல் போட வேண்டும்.

“சிறுத்தையைப் பிடித்துக்கொண்டு போங்கள்” என்று வனத்துறையிடம் கேட்பவர்களும் உண்டு. பயம் நியாயமானது, வழி சரியில்லை. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் நிறைய சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதன்பின் மனிதர்கள் மீதான தாக்குதல் கூடியது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாய்கள் வெளியில் கிடக்கும்வரை, காலியான இடத்துக்கு இன்னொரு சிறுத்தை வரத்தான் செய்யும்.

என் ஓட்டு அடைத்துவைப்பதற்கே. வீட்டுக்குள் இடமிருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் சுவரை ஒட்டி ஒரு கூண்டு. சிமென்ட் தரை, கனமான வெல்டு மெஷ் கம்பிவலை, வெளியிலிருந்து போடும் நல்ல தாழ்ப்பாள். கோழிவலை தாங்காது. பலர் கோட்டைவிடுவது மேல்பக்கத்தை. சிறுத்தை சுவரேறிக் குதிக்கும் மிருகம், கூரை இல்லாத கூண்டு வெறும் பள்ளம்தான். கீழே இரண்டு மூன்று அடிக்குப் பலகையோ தகரமோ அடித்துவிட்டால் கம்பி வழியாக நகம் உள்ளே எட்டாது. செலவு ஆகும், முதல் சில நாள் நாய் ஊளையிடும். அப்புறம் பழகிவிடும். உள்ளேயிருந்தும் அது குரைக்கும், காவல் ஒன்றும் குறையாது.

பொழுது சாயும் முன்பே சோறு வைத்து, மிச்சத்தை எடுத்துக் கழுவிவிடுங்கள். தட்டில் கிடக்கும் சோற்றுக்குக் காட்டுப்பன்றியும் கரடியும் வரும்.