விண்ணப்பிக்க வேண்டாம் என்று முதலில் சொன்ன சட்டத்தரணி: ஹரோ குடிவரவுச் சட்ட அலுவலகம் ஒன்றின் சேவை

யாழ்ப்பாணத்தில் இருந்த என் மனைவியை லண்டனுக்கு அழைப்பதற்காக, 2025 ஒக்டோபரில் ஹரோவில் உள்ள ஒரு சிறிய குடிவரவுச் சட்ட அலுவலகத்தை நாடினேன். குறைகளையும் எழுத இருப்பதால் அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அங்கே போவதற்கு முன்னர், தெரிந்தவர் ஒருவர் மூலம், வீட்டிலிருந்தபடியே விசாப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் போயிருந்தேன். முந்நூறு பவுண் தந்தால் அந்த வாரமே அனுப்பிவிடலாம் என்றார் அவர். பிரித்தானியாவில் குடிவரவு ஆலோசனையைத் தொழிலாகச் செய்பவர் ஒன்றில் தகுதி பெற்ற சட்டத்தரணியாக இருக்க வேண்டும், அல்லது குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிந்தவராக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். ஓஐஎஸ்சி என்று நம்மவர்கள் இன்றும் சொல்லும் அமைப்புத்தான் 2025 ஜனவரியில் இந்தப் பெயருக்கு மாறியது. அதன் பதிவேட்டை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நான் தேடிப் பார்த்தபோது அந்த மனிதரின் பெயர் அதில் இல்லை.

ஹரோ அலுவலகத்தில் முதற் சந்திப்புக்கு 120 பவுண் வாங்கினார்கள்; முக்கால் மணி நேரம் பேசினோம். கலியாணப் படங்களையும் தொலைபேசி உரையாடல்களையும் காட்டத் தயாராகப் போன என்னிடம் சட்டத்தரணி முதலில் கேட்டது சம்பளச் சிட்டைகளைத்தான். வாழ்க்கைத்துணை விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 2024 ஏப்ரல் 11 முதல் 18,600 பவுணிலிருந்து 29,000 பவுணாக உயர்ந்துவிட்டது. 2025 ஜூன் முதலாம் திகதி தொடங்கிய என் புதிய வேலையின் சம்பளம் 31,200 பவுண் என்பதால், அந்தத் தடையைத் தாண்டிவிட்டதாகவே நான் நினைத்திருந்தேன்.

அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். இப்போதைய வேலையில் ஆறு மாதம் நிறைவடையாதவர், தற்போதைய சம்பளத்தைக் காட்டுவதோடு, கடந்த பன்னிரண்டு மாதங்களில் உண்மையில் ஈட்டிய, வரி கழிக்காத மொத்த வருமானமும் 29,000 பவுணை எட்டியிருந்ததாக நிரூபிக்க வேண்டும். பழைய வேலையில் எட்டு மாதம், மாதம் 2,200 பவுண், புதிய வேலையில் நான்கு மாதம், மாதம் 2,600 பவுண், கூட்டினால் 28,000. ஆயிரம் பவுண் குறைந்தது. “இப்போது அனுப்பினால் மறுப்பார்கள். டிசெம்பர் வரை பொறுத்து, ஆறு மாதச் சிட்டைகளோடு வாருங்கள். அப்போது பழைய வேலையின் கணக்கே தேவைப்படாது” என்றார். அன்று என் வழக்கை எடுத்திருந்தால் அவருக்கு 1,400 பவுண் கட்டணமும் அதன் மேல் இருபது வீத வற் வரியும் கிடைத்திருக்கும். எனக்கோ மறுப்பு வந்திருக்கும். அன்றைய விண்ணப்பக் கட்டணமான 1,938 பவுண் திரும்பி வந்திருக்காது. அரச மருத்துவச் சேவைக்காகக் கட்டும் சுகாதார மேலதிகக் கட்டணமான 3,105 பவுணை மட்டும் திருப்பித் தந்திருப்பார்கள். படிவம் நிரப்புபவரிடம் இதே சம்பள விவரத்தைச் சொன்னபோது, அதையெல்லாம் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கமாட்டார்கள் என்று சிரித்ததை எண்ணிக்கொண்டேன்.

என்னுடன் வந்திருந்த அத்தான் சிறிய உணவகம் நடத்துபவர். ஊரிலிருந்து ஒரு சமையற்காரரை அழைப்பதற்கு அனுசரணை உரிமம் எடுக்கலாமா என்று அதே சந்திப்பில் கேட்டார். 2025 ஜூலை 22 முதல் திறன்மிகு தொழிலாளர் விசாவுக்கான வேலைகளின் திறன் மட்டம் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தப்பட்டதால் சமையற்காரர் வேலைக்கு அந்த வழி மூடிவிட்டது என்றும், பொதுவான சம்பள எல்லையும் 41,700 பவுணுக்குப் போய்விட்டது என்றும் சட்டத்தரணி விளக்கினார். சந்தைப்படுத்தல் முகாமையாளர் என்று காட்டி எடுக்கலாம் என ஒருவர் சொன்னாராமே என்று அத்தான் இழுத்தார். அப்படி எடுத்தவரை அடுப்படியில் நிறுத்தினால் உரிமம் பறிபோகும், சட்டவிரோத வேலை என்று முடிவானால் ஆளொருவருக்கு 45,000 பவுண் வரை தண்டம் வரும் என்று பதில் வந்தது. உரிமத்துக்கான 574 பவுணும் வழக்குக் கட்டணமும் அத்தானுக்கு மிஞ்சின, கோபமும் மிஞ்சியது. ஊரில் தோசைக்கல்லில் நிற்கிறவனுக்குப் பட்டம் எதற்கு என்று வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார். அந்தக் கேள்வி நியாயமானதுதான், ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசாங்கம்.

டிசெம்பரில் அலுவலகம் என் விண்ணப்ப வேலையைத் தொடங்கியபின் கண்ட அனுபவம் கலப்பானது. ஆவணங்களைப் பார்த்த விதத்தில் குறை சொல்ல இடமில்லை. மனைவியின் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் இருந்த தகப்பன் பெயரைக் கவனித்து, சத்தியக் கடதாசி ஒன்றை ஊரிலிருந்து எடுப்பித்தார்கள். தமிழில் இருந்த சான்றிதழ்களை உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்போடு சேர்த்தார்கள். அக்கா வீட்டில் ஓர் அறையில் நான் இருப்பதால், இருவர் தங்க அங்கே போதிய இடமுண்டு என்று வீட்டுப் பரிசோதனை அறிக்கை எடுக்கச் சொன்னார்கள். வங்கிக் கூற்றின் கடைசித் திகதி விண்ணப்ப நாளுக்கு இருபத்தெட்டு நாட்களுக்கு முற்பட்டதாக இருக்கக்கூடாது என்பதால், கொழும்பில் மனைவி செய்யவேண்டிய காசநோய்ப் பரிசோதனையையும் ஆங்கிலத் தேர்வையும் கூற்று எடுத்தபின் தாமதம் வராதபடி முன்கூட்டியே முடித்து வைத்தது அவர்களுடைய திட்டமிடல்.

ஆனால் முதற் சந்திப்பில் பேசிய சட்டத்தரணியை அதன்பின் ஒரு தடவைதான் காண முடிந்தது. கோப்பு ஓர் இளம் உதவியாளரின் கைக்குப் போனது. அவர் பொறுமைசாலி, எனினும் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு ஒரு முறை ஒன்பது நாட்கள் பதில் இல்லை; என் முதலாளியின் கடிதத்தில் வேலை தொடங்கிய திகதி பிழையாக இருந்ததை நானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்புச் செலவு கட்டணத்துக்குள் அடங்காது என்பதும் பற்றுச்சீட்டு வந்த பிறகே தெரிந்தது. குடும்ப விசாவுக்கு அரச சட்ட உதவி 2013இலிருந்து பொதுவாகக் கிடையாது என்பதால் ஒவ்வொரு பவுணும் நம் சட்டைப்பையிலிருந்துதான் போகிறது. அந்த நிலையில் செலவுகளை எழுத்தில் முன்கூட்டியே தருவது அவர்கள் கடமை.

மனைவி வந்து சேர்ந்துவிட்டாள். இருந்தும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்க எனக்கு மனமில்லை. அந்த நான்கிலும் மூன்று முதல் நாள் போட்ட கணக்குக்கு உரியவை.

போக நினைப்பவர்கள் கடைசி ஆறு மாதச் சம்பளச் சிட்டைகளையும் வங்கிக் கூற்றுகளையும் முதற் சந்திப்புக்கே கொண்டு போங்கள். முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருந்தால் அந்தக் கடிதத்தையும் மறைக்காமல் மேசையில் வையுங்கள், ஏனெனில் விண்ணப்பத்தில் பொய் சொன்னதாக முடிவானால் பத்து ஆண்டுகள் வரை அடுத்த விண்ணப்பங்களும் மறுக்கப்படும். கோப்பை யார் கையாளப் போகிறார், மொழிபெயர்ப்புக்குத் தனியாக எவ்வளவு என்ற இரண்டையும் கையெழுத்திடும் முன்னரே கேட்டுவிடுங்கள்.