புது வீரனை வளர்க்க மூன்று வழி: லூயிவில், ஃபிலடெல்ஃபியா, நௌகல்பான்

முடிவை முன்பே பேசிவைத்து ஆடுகிற டிவி மல்யுத்தத்தில் சின்ன கம்பெனிகளுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. பாடுபட்டு ஒருவனை வளர்த்து, அவன் நுழையும்போது போடும் பாட்டு ஒலித்தாலே அரங்கம் எழுந்து நிற்கும் என்ற நிலைக்குக் கொண்டுவந்த நேரம் பார்த்துப் பெரிய கம்பெனி வந்து கூட்டிக்கொண்டு போய்விடும். 1995 ஆகஸ்ட் 26 அன்று ஃபிலடெல்ஃபியாவில், மற்ற நாட்களில் பிங்கோ ஆடுகிற ஒரு கூடத்தில், ஈசிடபிள்யூ என்ற சின்ன கம்பெனிக்காக எடி கரேரோவும் டீன் மலெங்கோவும் கடைசியாக மோதினார்கள். அந்த வாரத்தோடு இருவரும் டபிள்யூசிடபிள்யூ என்ற பெரிய கம்பெனிக்குப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். "போகாதீங்க, போகாதீங்க" என்று கூட்டம் கத்தியது, ரிங்கில் நின்ற இருவரும் அழுதார்கள். அவர்கள் இடத்தை நிரப்ப அடுத்த மாதமே ரே மிஸ்டீரியோவும் சிக்கோசிஸும் வந்தார்கள், கொஞ்ச நாளில் அவர்களும் அதே வழியில் போனார்கள்.

அதனால் எந்த கம்பெனி எத்தனை நட்சத்திரங்களை உருவாக்கியது என்ற கணக்கில் எனக்கு ஆர்வம் குறைவு. நட்சத்திரம் போன மறுவாரம் அந்த ரிங்கில் யார் இறங்கினார்கள்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் மூன்று வழிகளைப் பார்க்கிறேன்: அமெரிக்காவில் லூயிவில் ஊரின் ஓவிடபிள்யூ, ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய ரிங் ஆஃப் ஹானர், மெக்சிகோவில் ஒரு ஜப்பானியர் ஆரம்பித்த டோர்யூமான்.

முதலில் ரிங் ஆஃப் ஹானர், ஏனென்றால் இன்றைக்கும் சின்ன கம்பெனி தொடங்குகிற பலர் இந்த வழியில்தான் இறங்குகிறார்கள். ஈசிடபிள்யூ 2001இல் மூடிவிட்டது. அதன் வீடியோக்களை விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு விற்கப் புதுச் சரக்கு வேண்டும். அதற்காக அவர்கள் தொடங்கியதுதான் ரிங் ஆஃப் ஹானர். 2002 பிப்ரவரி 23 அன்று முதல் ஷோ, மெயின் மேட்ச்சில் லோ கீ, கிறிஸ்டோஃபர் டேனியல்ஸ், ப்ரையன் டேனியல்சன் மூன்று பேர். மூவருமே வேறு எங்கோ பழகி வந்தவர்கள். டேனியல்சன் சான் அன்டோனியோவில் ஷான் மைக்கேல்ஸின் பள்ளியில் படித்தவர். அதாவது இந்த வழியில் அடிப்படைப் பயிற்சிக்கு உங்கள் பணம் செலவாகாது. ஆளுக்குத் தேவையானது நேரமும் நல்ல எதிராளியும், அதை மட்டும் கொடுத்தால் போதும். ரிங் ஆஃப் ஹானர் அதை வாரிக் கொடுத்தது. 2004இல் சமோவா ஜோவும் சி.எம். பங்க்கும் ஜூன் மாதம் டேட்டனில் முழுதாக 60 நிமிடம் மோதி முடிவில்லாமல் நிறுத்தினார்கள், அக்டோபரில் ஷிகாகோ பக்கம் இன்னொரு 60 நிமிடம், அதுவும் சமன், டிசம்பரில் மூன்றாவது மோதலில்தான் ஜோ ஜெயித்தார். ஒரு இளைஞனை ஒரு மணி நேரம் கூட்டத்தின் முன்னால் நிறுத்தினால், தெரிந்த வித்தையெல்லாம் இருபதாவது நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் அவன் கூட்டத்தின் மூச்சைக் கேட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். அந்தப் பாடம் எந்தப் பள்ளியிலும் கிடைக்காது.

சரி, என் கேள்விக்கு வருவோம். 2005இல் பங்க் போனார், 2009இல் டேனியல்சன் போனார், 2010இல் டைலர் பிளாக், அதாவது இன்றைய செத் ராலின்ஸ் போனார். ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து புது ஆளை வாங்கித்தான் ஓட்டை அடைபட்டது. கம்பெனியே ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தியது, பங்க் அங்கே சொல்லிக்கொடுத்தார், ஆனாலும் மெயின் மேட்ச்சைத் தாங்கிய முகங்கள் பெரும்பாலும் மற்றவர்கள் வளர்த்த பிள்ளைகள்தான். வெளியே நல்ல ஆட்கள் கிடைத்துக்கொண்டிருந்த வரைக்கும் ஓடியது. 2019க்குப் பிறகு ஏஇடபிள்யூ என்ற புதிய பெரிய கம்பெனியும் அதே சந்தையில் கையெழுத்து வாங்க ஆரம்பித்ததும் சமாளிக்க முடியவில்லை, 2021 டிசம்பரோடு கடையை நிறுத்தி, 2022இல் ஏஇடபிள்யூ முதலாளி டோனி கான் கைக்குப் போனது. கிணறு ஊரில் இருக்கிறது, நாம் குடத்தை மட்டும் வைத்திருக்கிறோம் என்றால் கோடையில் இதுதான் நடக்கும்.

லூயிவில் கதை வேறு மாதிரி. டேனி டேவிஸ் நடத்திய ஓவிடபிள்யூ 2000 வாக்கில் பெரிய கம்பெனியான டபிள்யூடபிள்யூஎஃப்பின் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) பயிற்சிக்களமானது. ஜிம் கார்னெட் கதையும் டிவியும் பார்த்துக்கொண்டார், ரிப் ராஜர்ஸ் ரிங்கில் பழக்கினார். வந்து சேர்ந்த பையன்களைப் பாருங்கள்: ப்ராக் லெஸ்னர், ஜான் சீனா, ராண்டி ஆர்டன், பட்டிஸ்டா, ஷெல்டன் பெஞ்சமின், எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில். லெஸ்னர் அப்போதுதான் கல்லூரி மல்யுத்த ஹெவிவெயிட் சாம்பியன் ஆகியிருந்தார், ஆனால் உண்மையான மல்யுத்தம் தெரிந்தவனுக்கு இந்தத் தொழிலின் முதல் பாடமே முரணானது, ஏனென்றால் அவன் வாழ்நாள் முழுக்க முதுகு தரையில் படாமல் இருக்கப் பழகியவன், இங்கே முதல் நாளே முதுகில் விழச் சொல்வார்கள்.

அந்த விழுதலுக்கு பம்ப் என்று பெயர். ரிங்குக்கு அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, அதற்கு மேல் மெல்லிய ஃபோம், கடைசியாக கான்வாஸ். தொலைக்காட்சியில் மெத்தை மாதிரி தெரிவது அவ்வளவுதான். விழுகிறவன் தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும், முதுகின் மேல்பகுதி முழுக்க ஒரே நேரத்தில் படிய வேண்டும், இரண்டு கைகளையும் விரித்து உள்ளங்கையால் தரையை அறைய வேண்டும், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே விழ வேண்டும். தாடை ஒரு அங்குலம் தூக்கினாலும் பின்மண்டை பலகையில் மோதும். யோசிக்காமலே உடம்பு இப்படி விழுகிற வரைக்கும் விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதை எந்தப் பள்ளியும் சொல்லிக்கொடுக்கும். ஓவிடபிள்யூவின் பலம் வாராவாரம் அதே ஊரில், அதே ஆட்களின் முன்னால் எடுத்த டிவி நிகழ்ச்சி. ஊர் ஊராகப் போனால் ஒரே வித்தையை வைத்து ஒரு வருடம் ஓட்டிவிடலாம், ஒரே ஊரில் அது இரண்டாவது வாரமே எடுபடாது. பையன் புதிதாக ஏதாவது யோசித்தே ஆக வேண்டும். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது, விளம்பர இடைவேளைக்கு முன்னால் மேட்ச்சை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், இரண்டு நிமிடத்துக்குள் மைக்கில் என்ன பேசி அடுத்த வாரம் டிக்கெட் வாங்க வைக்க வேண்டும் எல்லாம் இதிலேயே வந்துவிடும். "ப்ரோட்டோடைப்" என்ற பெயரில் சுற்றிய சீனா 2002 ஜூனில் பெரிய கம்பெனியின் நட்சத்திரம் கர்ட் ஆங்கிளின் முன்னால் போய் நின்றபோது தடுமாறாமல் இருந்ததற்கு லூயிவில் வாரங்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன். இன்னொன்று: ரிங் ஆஃப் ஹானரில் சாம்பியன் பெல்ட் ஜெயித்த பங்க்கையே 2005இல் டபிள்யூடபிள்யூஇ முதலில் அனுப்பியது இந்த லூயிவில்லுக்குத்தான். 60 நிமிடம் சண்டை போடத் தெரிந்தவருக்கும் டிவி தனிப் பாடம்.

ஆனால் ஓவிடபிள்யூவின் சோறு அடுத்தவன் அடுப்பில் வெந்தது. 2008இல் டபிள்யூடபிள்யூஇ உறவை முறித்துக்கொண்டு ஃபுளோரிடாவுக்குப் போனதும் பணமும் ஆட்களும் சேர்ந்தே போய்விட்டன. பாராட்ட வேண்டியது இதைத்தான்: கம்பெனி சாகவில்லை. பள்ளியும் இருந்தது, வாராந்திர டிவியும் இருந்தது, அதனால் பழையபடி உள்ளூர்ப் பையன்களை வைத்து ஓட்டினார்கள். 2018இல் முன்னாள் வீரர் அல் ஸ்னோ வாங்கினார், ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. கூட்டம் குறைவு, காசும் குறைவு, ஆனால் ரிங்கில் யாராவது இறங்குகிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உல்டிமோ டிராகன் இளைஞனாக நியூ ஜப்பான் என்ற பெரிய கம்பெனியின் டோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) உயரம் போதாது என்று ஒதுக்கப்பட்டு மெக்சிகோவுக்குப் போய்ப் பெயர் எடுத்தவர். 1997இல் அதே மெக்சிகோவில், நௌகல்பான் ஊரில், தன்னைப் போல ஒதுக்கப்பட்ட ஜப்பானியப் பையன்களுக்காகவே டோர்யூமான் பள்ளியைத் தொடங்கினார். சீமா, மேக்னம் டோக்கியோ, ஐந்தேகால் அடி டிராகன் கிட் எல்லாம் அந்த முதல் செட். மொழி தெரியாத ஊரில் கூட்டத்தை உடம்பாலேயே சிரிக்கவும் கோபப்படவும் வைக்கப் பழகினார்கள். 1999இல் அப்படியே மொத்தக் கூட்டமாக ஜப்பானுக்கு வந்து இறங்கினார்கள்.

ஜப்பானிய டோஜோ என்றாலே நூற்றுக்கணக்கில் பஸ்கி. "ஹிந்து ஸ்குவாட்" என்று உலகம் சொல்வது நம் ஊர் அகாடாக்களின் (மல்யுத்தக் கூடங்களின்) பஸ்கியேதான். அதை ஜப்பானிய ரிங்குகளில் ஊன்றியதில் பயிற்சியாளர் கார்ல் காட்ச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. டோஜோவில் சமையலும் துடைப்பமும் புதுப் பையன்களுடையவை. பயிற்சி என்ற பெயரில் அடியும் அவமானமும் நடந்த டோஜோக்களும் இருந்திருக்கின்றன, அதை ஒழுக்கம் என்று சொல்லி மூடுவதை நான் ஏற்க மாட்டேன்.

2004இல் உல்டிமோ டிராகன் பிரிந்தார், டோர்யூமான் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு போனார். நிறுவனரும் பெயரும் ஒரே நேரத்தில் போனால் சின்ன கம்பெனி படுத்துவிடும். ஆனால் ஜப்பானில் மீந்தவர்கள் டிராகன் கேட் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டு அதே ஆண்டிலேயே தங்கள் டோஜோவில் பழகிய ஷிங்கோ டகாகியை இறக்கினார்கள். 2018இல் ஷிங்கோவும் போனார், சீமாவும் போனார். மறுவருடம் கோபே அரங்கில் டிராகன் கேட்டே வளர்த்த பென்-கே பெல்ட் ஜெயித்தார். அதே 2019இல் உல்டிமோ டிராகனும் திரும்பி வந்தார். டிராகன் கிட் போகவே இல்லை, நாற்பது வயதைத் தாண்டியும் தன்னில் பாதி வயதுப் பையன்களோடு குதித்துக்கொண்டிருக்கிறார்.

குறையும் இருக்கிறது. எல்லோரும் ஒரே வார்ப்பில் வருவார்கள், ஒரே வேகம், ஒரே பாணி. பெரிய மேடைக்குப் போனால் திரும்பப் பழக வேண்டியிருக்கும்: 16 வயதில் மெக்சிகோ டோர்யூமானில் அறிமுகமான ஒகாடா என்ற வீரனை 2007இல் நியூ ஜப்பான் மறுபடி புதுப் பையன்களின் கறுப்பு டிரங்க்ஸ் போட வைத்து அடியிலிருந்து தொடங்க வைத்தது. ஐந்து வருடம் கழித்து 24 வயதில் அங்கே சாம்பியனாக இருந்த டனஹாஷியை வீழ்த்தி சாம்பியன் ஆனார் என்பதும் உண்மை.

என் கையில் ஒரு சின்ன கம்பெனி இருந்தால் டோஜோவைத்தான் முதலில் கட்டுவேன், போஸ்டரில் பெரிய பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. லூயிவில்லிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வேன்: ஒரே ஊர், வாரம் ஒரு ஷோ, ஒவ்வொரு பையன் கையிலும் இரண்டு நிமிடம் மைக். ரிங் ஆஃப் ஹானர் போல வெளியிலிருந்து இரண்டு நல்ல ஆட்களையும் கூப்பிடுவேன், ஆனால் அவர்களை ஒருவரோடு ஒருவர் மோத விட மாட்டேன். ஆளுக்கு ஒரு புதுப் பையனை எதிரே நிறுத்தி, மெயின் மேட்ச்சில் முப்பது நிமிடம் கொடுப்பேன்.