பாண்டா தத்தெடுப்பு கிட்: ஒரு வருஷம் கழிச்சு என்னோட ரிவ்யூ

பொண்ணுக்கு வெறும் பொம்மையா வாங்காம அந்தக் காசு ஏதாவது காட்டுக்குப் போகட்டும்னு நெனச்சு போன வருஷம் ஒரு விலங்கு தத்தெடுப்பு கிட் ஆர்டர் பண்ணேன். அமைப்போட பேர் வேணாம், பெருசா தெரிஞ்ச அமைப்பும் இல்ல. பேருக்குத்தான் தத்தெடுப்பு, நாம பணம் கட்டுவோம், அவங்க ஒரு பொம்மை, சர்டிஃபிகேட், தகவல் கார்டு அனுப்புவாங்க, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு லெட்டர்.

பொம்மை நல்ல சாஃப்ட், தையல் கெட்டி, ஒரு வருஷமா தூக்கிப் போட்டு விளையாடியும் பிரியல. ஆனா வாலை கறுப்பா தைச்சு வெச்சிருக்காங்க. நிஜப் பாண்டாவுக்கு வால் வெள்ளைங்க! பாண்டாவை வெச்சே பணம் திரட்டுறவங்க இதக்கூடப் பாக்கலன்னா மனசுக்கு கஷ்டமா இருக்கு.

சர்டிஃபிகேட் வேலை செஞ்சுது, அதுல சந்தேகமே இல்ல. அவ பேரைப் பாத்ததும் பீரோ கதவுல ஒட்டிக்கிட்டா, ராத்திரி படுக்கும்போது "என் பாண்டா தூங்கிருக்குமாப்பா"னு கேப்பா. மூங்கில் காட்டைக் காப்பாத்துங்கன்னு ஒரு நோட்டீஸ் வந்திருந்தா இந்தக் கேள்வி வந்திருக்காது. டபிள்யூடபிள்யூஎஃப்ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1961-லயே பாண்டாவை லோகோவா வெச்சது சும்மாவா, அப்ப லண்டன் ஜூவுல இருந்த சி-சின்னு ஒரு பாண்டாதான் அதுக்கு மாடல். கரீபியன் கடல்ல இருக்கற செயின்ட் லூசியா தீவுல 1970-கள் கடைசியில அந்த ஊர் கிளி ஏறக்குறைய நூறுதான் மிச்சம், 1979-ல அதைத் தேசியப் பறவையாக்கி ஸ்கூல் ஸ்கூலா கொண்டுபோய் பிரச்சாரம் பண்ணாங்க, "எங்க கிளி"ங்கற பெருமை வந்தப்புறம் எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது. அதனால முகம் காட்டி ஆதரவு கேக்குறதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

என் குறை அந்த கார்டு மேலதான். பாண்டா அழிவின் விளிம்புல இருக்குன்னு பெரிய எழுத்துல போட்டிருக்காங்க. எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்துல இருக்குன்னு பட்டியல் போடற ஐயுசிஎன் அமைப்பு 2016-லயே அதை எண்டேஞ்சர்ட்லேர்ந்து (அழியும் ஆபத்து) ஒரு படி ஆபத்து குறைஞ்ச வல்னரபிளுக்கு மாத்திடுச்சு, 2015-ல வெளியான சீனக் கணக்கெடுப்புல காட்டுல 1,864, அதுக்கு முந்தினதுல 1,600-க்குப் பக்கம். பாடுபட்டா பலன் கிடைக்குதுங்கற இந்த நல்ல சேதிய ஏன் மறைக்கணும்? பயமுறுத்தினாத்தான் காசு வரும்னு நெனச்சா அது தப்புக் கணக்கு.

அதைவிடப் பெரிய விஷயம், அதே காட்டுல இருக்கற மத்த உயிர்களைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. 2020-ல வந்த ஆய்வு ஒண்ணு பாண்டா காப்பகங்களைப் பாத்துட்டு என்ன சொல்லுதுன்னா, 1960-களுக்கு அப்புறம் செந்நாய் 95 சதவீத காப்பகங்கள்ல இல்லாமப் போச்சு, சிறுத்தை 81, ஓநாய் 77, பனிச்சிறுத்தை 38. பாண்டாவுக்கு சின்ன ஏரியா போதும், செந்நாய்க் கூட்டத்துக்கும் சிறுத்தைக்கும் அதைப் போல பல மடங்கு காடு வேணும், அதோட வேட்டை, மரம் வெட்டறது, நோய்னு வேற இருக்கு. பாண்டாவைக் காப்பாத்தினா எல்லாம் தானா பொழைச்சுக்கும்னு நம்பி நாம கையெழுத்துப் போடறோம், இதைச் சொல்லாம விட்டா எப்படி? நம்ம பணம் மத்த திட்டங்களுக்கும் போகும்னு பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கு, உண்மையில நல்ல விஷயமே அதுதான், முன்பக்கம் வந்திருக்கணும்.

லெட்டர் நாலு வரணும், ரெண்டுதான் வந்துச்சு. ரெண்டுலயும் ஒரே போட்டோ.

சின்னப் பிள்ளைங்க இருந்தா வாங்கலாம், ஆனா கூட உக்காந்து அந்தக் காட்டைப் பத்தி நீங்களே சொல்லிக் கொடுங்க, கார்டை நம்பாதீங்க. நான் ரின்யூ பண்ணலாமான்னு லிஸ்ட்டைப் பாத்தா மறுபடியும் புலி, பாண்டா, பனிக்கரடி, கழுகு இல்ல, தவளை இல்ல, செந்நாயும் இல்ல. செந்நாய் கிட் போட்டா மொத ஆளா வாங்கிக்கறேன்னு மெயில் போட்டிருக்கேன், வாலையும் சரி பண்ணச் சொல்லி.