இசை சொல்லும் மூச்சா, எண்ணி விடும் மூச்சா?

இரத்த அழுத்தத்துக்காக மூச்சை மெதுவாக்க நினைப்பவர்களுக்கு ரெஸ்பிரேட் என்றொரு கருவி உண்டு. மார்பில் கட்டிய பட்டை மூச்சை அளக்கும். இழுக்க ஒரு சுரம், விட ஒரு சுரம் காதில் ஒலிக்கும். விடும் சுரம் மெல்ல மெல்ல நீள, மூச்சு நிமிடத்துக்கு 10-க்கும் கீழே இறங்கிவிடும். தினம் 15 நிமிடம் போதும். 2013-இல் அமெரிக்க இதயச் சங்கம் இதைத் துணைச் சிகிச்சையாக ஏற்றது. ஆனால் தயாரிப்பாளர் தொடர்புள்ள ஆய்வுகளை ஒதுக்கிப் பார்த்த 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் பலன் தெரியவில்லை. விலையோ அதிகம்.

இன்னொன்று, நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. நிமிடத்துக்கு 6 மூச்சு, செலவில்லை. ஜெபமாலையோ மந்திரமோ சொல்லும்போது மூச்சு ஏறத்தாழ இதே 6-இல் நிற்பதை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

என் அம்மாவுக்கு எண்ணிக்கை சரிப்படவில்லை. மூன்று எண்ணுவதற்குள் கவனம் அடுப்பிலிருக்கும் பாலுக்குப் போய்விடும். தம்புரா ஒலியை மெதுவாக வைத்துக் கொடுத்தேன். தோள்கள் தளர்ந்து, மூச்சு தானாக நீண்டது. கருவி வாங்காமல் இசையை மட்டும் எடுத்துக்கொள்வதே என் தேர்வு. காலை மாத்திரையை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை.