ஹெடர் ஃபைல் எங்கே? பிகேஜி-கான்ஃபிக்கோடு நாலு வருடம்

கோத்தகிரி பக்கம் மாமாவுக்குப் பச்சை இலை எடை போடும் ஷெட் ஒன்று இருக்கிறது. மூட்டையில் வரும் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுச் சீட்டு கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டைத் தமிழில் அடிக்க, டெபியன் லினக்ஸ் போட்ட ஒரு பழைய லேப்டாப்பில் சி மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். எழுத ஒரு வாரம்தான் ஆனது. லைப்ரரிகளில் (பிறர் எழுதி வைத்த ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு) என்னென்ன உண்டு என்று சொல்லும் ஹெடர் ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று, புரோகிராமை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலருக்குக் காட்டிக்கொடுக்கத்தான் படாத பாடு பட்டேன்.

முதல் சீட்டு, ஃபான்ட்டிலிருந்து எழுத்துகளை வரைந்து தரும் ஃப்ரீடைப் லைப்ரரியை மட்டும் வைத்து அடித்தது. 'கோத்தகிரி'யின் முதல் எழுத்தே உடைந்துவிட்டது. இரட்டைக் கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. "என்னடா, ஊர்ப் பேரே தப்பா வருது?" என்றார் மாமா. எழுத்துகளைக் கோத்துக் கொடுக்க ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி வேண்டும். அது ஏற்கெனவே கணினியில் இருந்தது. ஆனால் ஹெடர்கள் 'டெவ்' என்று முடியும் தனி பேக்கேஜில் வரும் என்பது தெரியாமல் அரை நாள் போனது.

சரி, அதையும் போட்டாயிற்று. அப்புறமும் ஃப்ரீடைப்பின் எஃப்டி2பில்ட் ஹெடரைக் காணோம் என்றே எரர். ஃபைல் அங்கேதான் இருக்கிறது, /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் கீழே ஃப்ரீடைப்2 என்ற ஃபோல்டருக்குள். ஜிசிசி கம்பைலர் தானாகப் பார்ப்பது /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட், /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் என்று சில இடங்களை மட்டும்தான். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களைத் துழாவாது. மைனஸ் பெரிய ஐ போட்டு நாம் சொல்ல வேண்டும். அதை, கம்பைல் கட்டளைகளை எழுதி வைக்கும் மேக்ஃபைலில் கையால் எழுதி ஒரு வருடம் ஓட்டினேன். பிறகுதான், எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி. சிஃபிளாக்ஸ் என்று கேட்டால் ஹெடர் வழியும், லிப்ஸ் என்று கேட்டால் புரோகிராமோடு லிங்க் செய்ய, அதாவது இணைக்க, வேண்டிய லைப்ரரியும் வரும். ஹார்ஃப்பஸைக் கேட்டால் அது சார்ந்திருக்கும் ஃப்ரீடைப்பின் வழியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. லிப்ஸ் பகுதியை மட்டும் சோர்ஸ் ஃபைலுக்குப் பின்னால் போடுங்கள். முன்னால் போட்டு நான் முழித்திருக்கிறேன்.

பிகேஜி-கான்ஃபிக்கும் ஒருமுறை என்னைக் கவிழ்த்தது. தப்பு என்னுடையதுதான். புது ஹார்ஃப்பஸ் வேண்டும் என்று சோர்ஸிலிருந்து கட்டி /யூஎஸ்ஆர்/லோக்கலில் இன்ஸ்டால் செய்திருந்தேன். பிறகு வேண்டாம் என்று லைப்ரரி ஃபைல்களை மட்டும் அழித்தேன். ஹெடரும், பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் குறிப்பான பிசி ஃபைலும் அங்கேயே கிடந்தன. மாதங்கள் கழித்து, ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் போய் வந்த ஒரு மாலையில், புரோகிராமைத் திருத்திக் கம்பைல் செய்தேன். கம்பைல் சுத்தமாக முடிந்து, லிங்க்கில் மட்டும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்', அதாவது அழைத்த ஃபங்ஷனைக் காணோம் என்ற எரர். ஷெட்டில் அன்றைய சீட்டெல்லாம் கையெழுத்தில் போனது.

ஜிசிசிக்கு மைனஸ் பெரிய ஹெச் கொடுத்தால், எந்த ஹெடரை எங்கிருந்து எடுக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அதில்தான் பிடிபட்டது: ஹெடர் லோக்கலில் கிடந்த புதுசு, லைப்ரரி டெபியனின் பழசு. பழசில் இல்லாத ஃபங்ஷனைப் புது ஹெடர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. பிகேஜி-கான்ஃபிக்கும் அந்த அநாதை பிசி ஃபைலை நம்பி அதே இடத்தைக் காட்டியிருக்கிறது. எழுதி வைத்ததைப் படிப்பதுதான் அதன் வேலை, சரிபார்ப்பதில்லை.

அன்றிலிருந்து நானே கட்டுவது எதுவும் லோக்கலுக்குப் போவதில்லை. என் ஹோம் ஃபோல்டருக்குள் லைப்ரரிக்கு ஒரு ஃபோல்டர். பிகேஜி-கான்ஃபிக் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற அமைப்பில் அதைச் சொல்லிவிடுவேன். வேண்டாமென்றால் ஃபோல்டரோடு அழித்துவிடலாம். புரோகிராம் ஓடும்போது லைப்ரரியைக் கண்டுபிடிப்பது வேறு விஷயம், அதற்கு ஆர்பாத், அதாவது லைப்ரரி இருக்கும் வழி, தனியாகக் கொடுக்க வேண்டும். இது கொஞ்சம் எரிச்சல்தான்.

பிரிண்டரோடு வந்த லைப்ரரிக்குப் பிசி ஃபைலே கிடையாது. ஹெடரை /யூஎஸ்ஆர்/இன்க்ளூடில் காப்பி செய்யச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வைத்திருந்தார்கள். காப்பி செய்யவில்லை. பெயர், விளக்கம், வெர்ஷன், சிஃபிளாக்ஸ், லிப்ஸ் என்று ஐந்து வரியில் நானே ஒரு பிசி ஃபைல் எழுதினேன். இரண்டு வருடமாக அதைத் தொடவில்லை.