செவலைக்கு வாங்கிய இரண்டு மெத்தைகள்

எங்கள் வீட்டில் 9 வயதான சிப்பிப்பாறை நாய் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் செவலை. இந்த இனத்துக்கு உடம்பில் சதைப்பிடிப்பு குறைவு, முடியும் குட்டை என்பதால், வெறுந்தரையில் படுத்துப் படுத்து அதன் முன்னங்கால் முட்டிகளில் தோல் காய்த்துப் போயிருந்தது. கால்நடை மருத்துவர் மெத்தை போடச் சொன்னார்.

முதலில் இணையத்தில் 2,800 ரூபாய்க்கு ஒரு மெத்தை வாங்கினேன். வட்ட வடிவம், சுற்றிலும் உயர்ந்த கரை, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு. பார்வைக்கு அழகாகவே இருந்தது. முதல் இரவு செவலை அதில் ஏறி, முன்னங்கால்களால் பிறாண்டி, மூக்கை வைத்து முகர்ந்து, 11 முறை சுற்றியது. பிறகு இறங்கிப் போய்ச் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டது. ஒரு வாரம் இதே கதைதான்.

நாய் படுக்கும் முன் சுற்றுவதை வெறும் பழக்கம் என்று விட்டுவிடக் கூடாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டில் வாழ்ந்த அதன் மூதாதைகள் புல்லை மிதித்து அமுக்கிக் குழிபோல ஆக்கிக்கொண்டதன் மிச்சமே இது என்று 1872-இலேயே டார்வின் எழுதியிருக்கிறார். ஸ்டான்லி கோரன் என்ற உளவியல் பேராசிரியர், வழவழப்பான தரைவிரிப்பிலும் மேடுபள்ளமான விரிப்பிலும் நாய்களை விட்டுப் பார்த்தபோது, வழவழப்பில் சுற்றியவற்றைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நாய்கள் மேடுபள்ளத்தில் சுற்றின. அப்படியானால், நாய் தன் படுக்கையைத் தானே செய்துகொள்கிறது; மிதித்தால் அமுங்கி, அமுங்கிய இடத்தில் அப்படியே நிற்கும் மெத்தைதான் அதற்கு வேண்டும். நான் வாங்கியதோ, கால் எடுத்த மறுநொடியே பழையபடி உப்பிக்கொண்டது.

இரண்டாவது மெத்தையை எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மெத்தை தைக்கும் பெரியவரிடம் சொல்லிச் செய்தேன். நாய்க்கு என்றதும் அவர் முகம் சுளிக்கவில்லை. "சுருண்டு படுக்குமா, காலை நீட்டிப் படுக்குமா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். சுருண்டுதான் படுக்கும் என்றேன். 3 கிலோ இலவம்பஞ்சை எடுத்து, ஓரங்களில் இறுக்கமாகவும் நடுவில் சற்றுத் தளர்வாகவும் அடைத்து, பஞ்சு ஒருபக்கமாக ஒதுங்காதபடி இடையிடையே நூல் கோத்து முடிச்சுப் போட்டார். ஜிப் வைத்த மேலுறை ஒன்றும் சேர்த்து 1,500 ரூபாய் ஆயிற்று.

அன்றிரவு செவலை இரண்டரைச் சுற்றுதான் சுற்றியது. மூன்றாவது சுற்றின் பாதியில் பின்னங்கால்களை மடித்து, நடுவில் விழுந்த குழிக்குள் உடம்பை இறக்கி, வாலை மூக்கின் மேல் போட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டது. நான்கு மாதமாக அதில்தான் தூங்குகிறது. முட்டியில் காய்ப்பு இன்னும் மறையவில்லை. ஆனால் தோல் மிருதுவாகி வருகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையைத் துவைக்க முடியாது. மழைக்காலத்தில் பஞ்சு கட்டிதட்டுவதால், மாதம் இருமுறையாவது வெயிலில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. எதையும் கடித்துக் குதறும் குட்டிகளுக்கு இது ஆகாது. உறை கிழிந்தால் வீடு முழுக்கப் பஞ்சு பறக்கும். சிறுநீரை அடக்க முடியாத முதிய நாய்க்கும், மேலுறைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடாமல் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மெத்தை வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக இரண்டு மூன்று சுற்றில் படுக்கும் நாய், பழகிய இடத்திலும் திடீரெனச் சுற்றிச் சுற்றிப் படுக்க முடியாமல் தவித்தால் அது மூட்டுவலியாக இருக்கலாம். தலையைச் சாய்த்தபடி ஒரே பக்கமாகச் சுற்றினால் காதிலோ மூளையிலோ கோளாறு இருக்கலாம். அப்போது போக வேண்டியது மெத்தைக் கடைக்கு அல்ல, மருத்துவரிடம். செவலையையும் மருத்துவர் மூட்டு மூட்டாக அழுத்திப் பார்த்து வலி இல்லை என்று சொன்ன பிறகுதான் பெரியவரிடம் அளவு கொடுத்தேன்.